எட்டு நாளில் ராஜஸ்தான் முழுக்கவா?

கேள்வி: பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 5. மே மாதம் எட்டு நாள் ராஜஸ்தான் போகலாம் என்று என் கணவர் ஒரு டிராவல்ஸில் பேசி வைத்திருக்கிறார். ஜெய்ப்பூர், பிகானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், உதய்ப்பூர், மவுண்ட் அபு, மறுபடி ஜெய்ப்பூர். ரந்தம்பூரில் புலி பார்க்கவும் ஏற்பாடு செய்கிறார்களாம். சீசன் இல்லாத நேரம் என்பதால் ரேட் ரொம்பக் குறைவு. முட்டி வலி உள்ள என் மாமியாரும் வருகிறார். பையனுக்கு ஒட்டகத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அட்வான்ஸ் கட்டிவிடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள்.

முதலில் மே மாதம். நீங்கள் போகப் போகிற ஜோத்பூர், ஜெய்சல்மேர் பக்கத்தில் பலோடி என்று ஒரு ஊர் இருக்கிறது. 2016 மே மாதம் அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. எல்லா வருஷமும் அப்படி இருக்காது, ஆனால் 43, 44 என்பது அந்தப் பக்கத்து மே மாதத்துக்குச் சாதாரணம். சித்திரை வெயிலையே பார்த்த மதுரைக்காரர்களுக்கு இதென்ன பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லலாம். நிழலே இல்லாத கோட்டை முற்றத்தில் ஐந்து வயதுப் பிள்ளையோடு நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார். ரேட் குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

அடுத்தது தூரம். ராஜஸ்தானின் பரப்பு சுமார் 3.42 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். டிராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியலில் ஊர்ப் பெயர்கள் அடுத்தடுத்து வருவதால் பக்கத்துப் பக்கத்து ஊர் போலத் தெரிகிறது. ஆனால் ஜெய்ப்பூர் - பிகானேர் சுமார் 335 கிலோமீட்டர், பிகானேர் - ஜெய்சல்மேர் 330, அங்கிருந்து ஜோத்பூர் 285, உதய்ப்பூர் 250, மவுண்ட் அபு 165, அப்புறம் ஜெய்ப்பூர் திரும்ப ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டினால் 1,800-ஐத் தாண்டுகிறது. மதுரைக்கும் சென்னைக்கும் இரண்டு தடவை போய் வருகிற தூரம், ரந்தம்பூரைச் சேர்க்காமலே! எட்டு நாளில் முக்கால்வாசிப் பகல் காருக்குள்ளேயே போய்விடும், மாமியாரின் முட்டி மூன்றாம் நாளே நீட்ட முடியாமல் பிடித்துக்கொள்ளும்.

அதனால் நான் சொல்வது, அரையாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஜோத்பூரும் ஜெய்சல்மேரும் மட்டும் போதும். உதய்ப்பூர் ரொம்ப அழகான ஊர், அதை விடச் சொல்ல எனக்கே மனசில்லைதான். ஆனால் ஜெய்சல்மேரிலிருந்து அங்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஏரியும் படகும் இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம், பையன் கேட்கிற ஒட்டகம் இந்தப் பக்கம்தான்.

புலியையும் விட்டுவிடுங்கள். ரந்தம்பூர் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, உங்கள் பாதைக்கு நேர் எதிர்த் திசை. டிசம்பர் விடியற்காலையில் திறந்த ஜீப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல், நடுங்குகிற குளிரில், சத்தம் போடாமல் உட்கார வேண்டும். உங்கள் பையன் உட்காருவானா? உட்கார்ந்தாலும் புலி வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. வண்டலூரில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

போக்குவரத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து பிகானேருக்கு வாராந்திர ரயில் இருக்கிறது, ஆனால் போக இரண்டு நாளுக்கு மேல் ஆகும், வரவும் அப்படியே, விடுமுறையில் பாதி அதிலேயே முடிந்துவிடும். விமானத்தில் ஒரு இடத்திலாவது மாறி ஜோத்பூர் போய் இறங்குங்கள், திரும்புவதும் அங்கிருந்தே. ஜோத்பூரில் மூன்று ராத்திரி, ஜெய்சல்மேரில் மூன்று, கடைசியில் மறுபடி ஜோத்பூரில் ஒன்று. மொத்தமே இரண்டு ஊர்தான், பெட்டியைக் கட்டிப் பிரிக்கிற வேலையும் குறைவு.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டைக்கு ஒரு முழு நாளை வைத்துவிடுங்கள். 1459-இல் ராவ் ஜோதா கட்ட ஆரம்பித்தது, ஊருக்கு மேலே செங்குத்துப் பாறையில் நிற்கிறது. மாமியாரை நினைத்துப் பயப்பட வேண்டாம், மேலே போக லிப்ட் இருக்கிறது, தனிக் கட்டணம். அவரையும் பையனையும் உங்கள் கணவரோடு லிப்டில் அனுப்பிவிட்டு, நீங்களும் பெண்ணும் வாசல் வாசலாக நடந்து ஏறுங்கள். வழியில் ஒரு வாசல் பக்கத்துச் சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்புகள் இருக்கும். கடைசியில் லோஹா போல் என்கிற இரும்பு வாசல், அதன் கதவு முழுக்கக் கூரான ஆணிகள். இந்த ஆணி எதற்கு இவ்வளவு உயரத்தில், வாசலுக்குச் சற்று முன்னால் பாதை ஏன் சட்டென்று மடங்குகிறது என்று அவளையே கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். கதவை முட்டித் தள்ள வருகிற யானை ஓடி வர இடம் இருக்கக் கூடாது, மீறி முட்டினால் ஆணி நெற்றியில் ஏற வேண்டும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அதற்கப்புறம் எந்தக் கோட்டையும் போரடிக்காது.

மத்தியானம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். சாயங்காலம் மணிக்கூண்டுப் பக்கம் கடைத்தெரு, மக்கனியா லஸ்ஸி, மிளகாய் வடை (நம்ம பஜ்ஜியின் அண்ணன், உள்ளே உருளைக்கிழங்கு, பையனுக்குக் கொடுக்காதீர்கள்). பக்கத்திலேயே தூர்ஜி கா ஜால்ரா என்கிற படிக்கிணறு இருக்கிறது, பார்க்கத்தான் வேண்டும், ஆனால் படியில் கைப்பிடி கிடையாது, பையன் கையை விடவே கூடாது.

ஜோத்பூர் - ஜெய்சல்மேர் ரயிலிலும் போகலாம், ஆனால் உங்கள் கூட்டத்துக்குக் கார்தான் சரி. பேசும்போதே டிரைவர் பேட்டா, டோல், திரும்பி வருகிற நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். போகும்போது பலோடி வழியாகச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். மேலே சொன்ன அதே பலோடிதான், டிசம்பரில் அது வேறு ஊர். பக்கத்தில் கீச்சன் என்ற கிராமத்துக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் குர்ஜா என்கிற கொக்குகள் வருகின்றன. சாம்பல் நிற உடம்பு, கறுப்புக் கழுத்து, காதோரம் வெள்ளைக் குஞ்சம். ஊர்க்காரர்களே தானியம் போட்டு வளர்க்கிற பழக்கம். காலைத் தீனி நேரத்துக்கு நீங்கள் போய்ச் சேர முடியாது, ஆனால் பகலில் குளத்தங்கரையில் கூட்டம் கூட்டமாக நிற்கும். அதைத் தாண்டினால் பொக்ரான். 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்த இடம் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான், உள்ளே யாரும் போக முடியாது. இருந்தாலும் 98-இல் அங்கே முன்னால் நின்றவர்களில் நம்ம ராமேஸ்வரத்துக்காரர் கலாமும் ஒருவர் என்று பெண்ணிடம் சொல்லிக்கொண்டு போகலாம். ஜெய்சல்மேருக்குச் சற்று முன்னால் ராணுவத்தின் போர் அருங்காட்சியகம் வரும், வெளியே டாங்குகள் நிறுத்தியிருப்பார்கள், பையன் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் ஆச்சரியம்.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சுற்றிப் பார்க்க அரை நாள் போதும். தங்குவதைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கசிந்து அந்தக் கோட்டையின் அடித்தளம் பாதிக்கப்படுவது ரொம்ப நாள் பிரச்சினை, உள்ளே ஒவ்வொரு ஹோட்டலும் அதைக் கூட்டுகிறது. அதோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல் சந்தில் ஏற உங்கள் மாமியாரால் முடியாது.

ஒட்டகம் சாம் மணல்மேட்டில், ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். சவாரியில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். இரண்டு தடவையும் மேலே இருப்பவர் முன்னால் சரிவார். பையனை உங்களுக்கு முன்னால் உட்கார வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். மாமியாருக்கு ஒட்டக வண்டி கிடைக்கும். மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கிக் காட்டுகிறேன் என்று வருவார்கள், உங்கள் கூட்டத்துக்கு அது வேண்டாம். கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கலாம், ஆனால் பாட்டு எத்தனை மணி வரை, வெந்நீர் உண்டா, ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) எத்தனை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ராத்திரி ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். மதுரையில் ஸ்வெட்டர் தேடி அலைய வேண்டாம், ஜோத்பூர் கடைத்தெருவிலேயே வாங்கிவிடலாம்.

சாப்பாடு பெரிய கவலை இல்லை. தால் பாட்டி (பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை) பெரியவர்களுக்கு. பையனுக்குச் சாதமும் தயிரும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிப் பிசைந்து கொடுங்கள், கையில் ஒரு ஊறுகாய்ப் பாக்கெட் போதும்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அங்கே விலை ஏறியிருக்கும், அது நிஜம். டிராவல்ஸ்காரர் சொன்ன மே மாத ரேட்டுக்கு இது வராது. ஐந்து ஊர் குறைவதால் கார் செலவு பாதிக்கு மேல் இறங்கிவிடும், அந்தக் காசை ஜெய்சல்மேர் அறைக்குப் போடுங்கள். விமான டிக்கெட்டையும் அறையையும் பள்ளிக்கூடத்தில் லீவு தேதி சொன்ன வாரமே போட்டுவிடுங்கள். ஜெய்சல்மேருக்கு ரயில்தான் என்று உங்கள் கணவர் பிடிவாதம் பிடித்தால், முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு அவரையே உட்கார வையுங்கள்.