மிச்சம் இருக்கறதையும் கேட்டா எப்படி தம்பி?

அன்புள்ள அக்கா,

கோயம்புத்தூர்லேந்து சிங்கப்பூர் வந்து பதினோரு வருசம் ஆச்சு. நிரந்தரவாசம் (பி.ஆர்.) வாங்கி பொங்கோல்ல வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுல குடும்பத்தோட இருக்கேன். போன வருசம் சீனர்களோட ஏழாம் மாசத்துல எங்க புளோக் பின்னாடி தினமும் செத்தவங்களுக்குன்னு சாமித்தாள் எரிச்சாங்க. சாம்பல் மூணாவது மாடி வரைக்கும் பறந்து வந்து காயப்போட்ட துணியெல்லாம் கருப்பாச்சு. பையனுக்கு வேற இழுப்பு (ஆஸ்துமா) இருக்கு. நகர மன்றத்துக்குப் புகார் எழுதினேன், எரிக்கிற தொட்டியைத் தள்ளி வெச்சாங்க. அதுலேந்து எதிர்வீட்டு அங்கிள் லிஃப்ட்ல பாத்தாக்கூட பேசறதில்ல. புளோக் வாட்சப் குரூப்ல "வெளிநாட்டுக்காரங்க வந்து நம்ம பழக்கத்தை மதிக்கறதே இல்ல"ன்னு ஒருத்தர் போட்டதுக்கு லோக்கல் தமிழங்களே தம்ஸ் அப் போடுறாங்க. அவங்களுக்கு நம்ம பண்பாடே பாதி மறந்து போச்சு, அடுத்தவங்க பழக்கத்துக்கு வக்காலத்து. நான் வரி கட்டறேன், எந்த சட்டத்தையும் மீறல. எல்லாருமே எங்கிருந்தோ வந்தவங்கதானே, இதுல தேசிய அடையாளம்னு தனியா என்ன இருக்கு? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன், பையன் ராணுவம், போலீஸ் மாதிரி கட்டாய தேசிய சேவைக்குப் போகணும், இந்த மனநிலைல அதெல்லாம் தேவையான்னு தோணுது. அப்பா போன வருசம் தவறிட்டார், ஊருக்குத் திரும்பவும் மனசில்ல. நீங்க என்ன சொல்றீங்க?

எஸ்., பொங்கோல்

அன்புள்ள தம்பி,

அப்பா போன செய்திக்கு முதல்ல என் வருத்தம். கடிதத்தோட கடைசில ஒரு வரியா எழுதிட்டுப் போயிட்டீங்க, ஆனா எனக்கென்னமோ மத்ததெல்லாம் அந்த வரிக்கு அடியில கிடக்குற மாதிரி தெரிஞ்சுது. அதுக்கு வரேன்.

வாட்சப் குரூப்பை விடுங்க. அதுல எழுதறவங்களுக்கு எதிர்ல நின்னு பேச வாய் வராது. வரி கட்டறேன்னு எழுதியிருக்கீங்க, எல்லாரும்தான் கட்டறோம், அதையும் விடுங்க.

உங்க கடிதத்துக்கு உடனே பதில் எழுத உக்காந்ததுக்குக் காரணம் வேற. கொஞ்ச நாளா எனக்கு அந்த 2011 கறிக்குழம்பு விவகாரம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல அரைகுறையா கேள்விப்பட்டிருப்பீங்க. சீனாவுலேந்து புதுசா குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் கறிக்குழம்பு வெக்கிற வாசனை தாங்கலைன்னு சொல்லுச்சு. இவங்க ஏற்கெனவே கதவு ஜன்னலையெல்லாம் சாத்திட்டுதான் சமைச்சாங்க, அப்பவும் போதல. சமூக சமரச மையத்துக்குப் போச்சு. முடிவு என்னன்னா, அந்தக் குடும்பம் வீட்டுல இல்லாத நேரத்துல மட்டும் இவங்க கறி சமைக்கறது, பதிலுக்கு அவங்க ஒரு தடவையாவது அந்தக் கறியைச் சாப்பிட்டுப் பாக்கறது. இது நடந்து சில வருசம் கழிச்சு 2011 ஆகஸ்ட்ல பேப்பர்ல ஒரு ஓரமா வந்துச்சு, அவ்வளவுதான், ஊரே கொதிச்சுப் போச்சு. ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டுல கறி சமைப்போம்னு ஃபேஸ்புக்ல அழைப்பு போச்சு, 60,000 பேருக்கு மேல வரோம்னாங்க. அதுல இந்தியங்க மட்டும் இல்ல தம்பி. சீனர், மலாய்க்காரர், யுரேஷியர்னு எல்லாரும். சொந்த ஊர்ச் சீனங்க, சீனாவுலேந்து வந்த சீனங்ககிட்ட, இது எங்க வாசனை, நீங்க யாரு நிறுத்தச் சொல்லன்னு கேட்டாங்க. மையம் தீர்ப்பு எதுவும் சொல்லல, ரெண்டு குடும்பமும் தாங்களா ஒத்துக்கிட்டதுதான்னு அரசாங்கம் விளக்கம் குடுத்துச்சு, ஆனா ஆத்திரம் அந்த முடிவு மேல மட்டும் இல்லயே. அந்த வருசம் மே மாசம்தான் பொதுத்தேர்தல், ஆளுங்கட்சிக்கு ஓட்டு 60 சதவீதத்துக்கு இறங்கியிருந்துச்சு, குடியேறி வர்றவங்க கூட்டம், வீட்டு விலை, ரயில் நெரிசல்னு எல்லாம் புகைஞ்சுக்கிட்டு இருந்த நேரம்.

இப்ப உங்க கடிதத்தைப் படிங்க. அந்த சீனாக் குடும்பம் இருந்த இடத்துல நீங்க இருக்கீங்க. வாசனைக்குப் பதிலா சாம்பல். அவங்களும் எந்த சட்டத்தையும் மீறல.

உங்களுக்கு இது உறைக்கணும்னுதான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதானேன்னு கேக்குறீங்களே, அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்ல. வந்தவங்கதான், யார் இல்லைன்னா? என் தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினவர். ஆனா வந்ததுக்கும் இன்னிக்கும் நடுவுல இங்க என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு சனமும் தன் பழக்கத்துல ஒரு பாதியை வெட்டிக் குடுத்திருக்கு. 1970 சீனப் புத்தாண்டுல பட்டாசு வெடிச்சு ஆறு பேர் செத்தாங்க, 1972ல மொத்தமா தடை. பட்டாசு இல்லாத சீனப் புத்தாண்டுன்னா என்னன்னு ஒரு சீனக் கிழவர்கிட்ட கேளுங்க. அதே தடைல நம்ம தீபாவளிக்கும் வெடி போச்சு, வெறும் மத்தாப்பு மிஞ்சுச்சு, நீங்க வந்த முதல் வருசம் இதென்ன தீபாவளின்னு கேட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும், எல்லாரும் கேக்குறதுதான். தைப்பூசம் முன்ன பொது விடுமுறை, 1968ல எடுத்தாச்சு. 1973லேந்து காவடி ஊர்வலத்துல மேளமும் இல்ல. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேந்து டேங்க் ரோடு வரைக்கும் அலகு குத்திக்கிட்டு மேளச்சத்தம் இல்லாம நடந்த தலைமுறை என் அண்ணன்மாரோடது, 2016லதான் வழியில சில இடத்துல மட்டும் வாத்தியம்னு கொஞ்சம் விட்டாங்க. மலாய்க்காரங்களுக்கு எழுபதுகள்ல புதுக் குடியிருப்புப் பேட்டைப் பள்ளிவாசல்கள்ல ஒலிபெருக்கி உள்பக்கமா திரும்பிச்சு, பாங்கு ரேடியோவுல வந்துச்சு. முன்ன கம்பத்துல, அதாவது கிராமத்துல, தெருவுக்கே கேட்ட சத்தம் அது.

இதெல்லாம் மனசார குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேன். பாதி, அரசாங்கம் சொல்லி வேற வழியில்லாம குடுத்தது. எங்க வீட்டுல இன்னிக்கும் மேளத்தைப் பத்திப் பேச்சு வந்தா அண்ணனுக்குக் குரல் ஏறும். ஆனா குடுத்தது குடுத்ததுதான். 1964ல இனக்கலவரம், ஜூலைல 23 பேர், செப்டம்பர்ல 13 பேர் செத்தாங்க. ஊரடங்கு போட்டு வீட்டுக்குள்ள கிடந்தவங்க எங்கம்மா. அதைப் பாத்தவங்க, சரி நான் இவ்வளவு குறைச்சுக்கறேன் நீ அவ்வளவு குறைச்சுக்கோன்னு ஒரு கணக்குக்கு வந்தாங்க. 1989லேந்து ஒவ்வொரு புளோக்லயும் இன்ன இனம் இவ்வளவு விகிதம்னு வேற வந்துடுச்சு, அதனாலதான் உங்க எதிர்வீட்டுல ஒரு சீனக் குடும்பம் இருக்கு. நீங்க கேட்ட தேசிய அடையாளம் எனக்குத் தெரிஞ்சு இதுதான், இந்தக் குறைச்சுக்கிட்ட கணக்கு. தேசிய தின அணிவகுப்புல நாலு கலர்ல துணி கட்டிக்கிட்டு ஆடறாங்களே, அதை நான் சொல்லல.

ஆகவே தம்பி, உங்க கண்ணுக்குத் தெரியற எந்தப் பழக்கமும் முழுசு இல்ல. எல்லாம் குடுத்தது போக மிச்சம். நீங்க வந்து அந்த மிச்சத்தையும் கொஞ்சம் தள்ளி வைங்கன்னு கேக்குறீங்க, கேட்டதும் அந்த அங்கிள்கிட்ட இல்ல, நகர மன்றத்துல.

சாமித்தாள் எரிக்கறதையே எடுத்துக்கோங்க. முன்ன கல்லறைக்குப் போய் கும்பிட்டாங்க, ஏழாம் மாசம் தெருவெல்லாம் படையல் போட்டாங்க. கல்லறை எங்க இப்ப? நீங்க எம்ஆர்டி ரயில் மாறுற பீஷான் இருக்கே, அது பெரும்பாலும் கான்டனீஸ் பேசற சீனங்களோட இடுகாடு, எண்பதுகள்ல தோண்டி எடுத்துட்டு வீடு கட்டினாங்க. பிடாடரியும் அப்படித்தான், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லாரும் அடக்கமான இடம், இப்ப அங்கயும் வீவக வீடு. 1998லேந்து யாரைப் புதைச்சாலும் 15 வருசம்தான், அப்புறம் எடுத்துடணும். தாத்தாவோட எலும்பை ஜாடியில வாங்கிக்கிட்டு வந்த சனம் தம்பி அது. எங்களுக்கும் உங்களுக்கும் சேத்துதான் அந்த நிலம் போச்சு, பொங்கோல்ல நீங்க படுத்துத் தூங்கறதும் இந்த ஊரோட நிலக்கணக்குல ஒரு துண்டுதான். அப்படி கல்லறையும் போய் தெருவும் போய், கடைசில நகர மன்றம் வெச்ச ஒரு இரும்புத் தொட்டி. அதுலதான் செத்தவங்களுக்குத் தாள் போடறாங்க. அதைத்தான் தள்ளி வெச்சீங்க.

நாங்க சின்னப் பிள்ளைங்களா குவீன்ஸ்டவுன்ல இருந்தப்போ பக்கத்து வீட்டுல தியோச்சூ பேசற ஒரு சீனப் பாட்டி. எங்கம்மாவுக்கு சீனம் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் உடைஞ்ச மலாய்ல பேசிக்குவாங்க. அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் தாழ்வாரச் சுவர் மேல காக்காய்க்குச் சோறு வெப்பாங்க. காக்கா வந்து பாதியைத் தின்னு பாதியை அந்தப் பாட்டி வாசல்ல இறைச்சுட்டுப் போகும், எச்சமும் போடும். பாட்டிக்கு அழுக்குன்னா ஆகாது, வாசலை நாளைக்கு ரெண்டு தடவை கழுவுற ஆளு. ஒருநாள் விளக்குமாத்தோட வெளிய வந்து நின்னு, இது எதுக்குன்னு கேட்டாங்க. அம்மா கையை மேல காட்டி, என் அப்பாவுக்குன்னாங்க. பாட்டி ஒண்ணும் சொல்லல, கூட்டிட்டு உள்ள போயிட்டாங்க. அடுத்த அமாவாசைலேந்து காக்கா கத்தி முடியற வரைக்கும் வாசல்ல வாளி வெக்க மாட்டாங்க. அம்மாவும் ஏழாம் மாசம் சாயந்திரம் ஆச்சுன்னா மூங்கில் கழியோட துணியை உள்ள இழுத்துடுவாங்க, எங்களுக்கும் அதை வேலையா சொல்லி வெச்சிருந்தாங்க, ஏன்னு கேட்டா பாட்டியோட தாத்தா சாப்பிட வர்ற நேரம்னு சொல்வாங்க. இப்ப காக்காய்க்குச் சோறு வெச்சா அபராதம், அதுவும் குடுத்தாச்சு.

பெரும்பாலான வருசம் ஆடி அமாவாசையை ஒட்டித்தான் அவங்க ஏழாம் மாசமும் பொறக்குது, நீங்க கவனிச்சிருக்கீங்களா? 2021லயும் 2024லயும் ரெண்டும் ஒரே நாள். நீங்க அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடற அன்னிக்கு எதிர்வீட்டுக்காரர் தன் அப்பாவுக்குத் தாள் போடுறார். அப்பா போன துக்கத்துல இருக்குற ஒருத்தர் இதைப் பாக்காம சாம்பலை மட்டும் பாத்திருக்கீங்களேன்னுதான் எனக்கு மனசு ஆறல.

லோக்கல் தமிழங்களுக்குப் பண்பாடு மறந்து போச்சுன்னு எழுதினீங்களே, அதுக்கும் இதுதான் பதில். நீங்க ஊர்லேந்து அப்படியே முழுசா கொண்டு வந்திருக்கீங்க, ஏன்னா உங்ககிட்ட யாரும் எதையும் கேக்கல. எங்ககிட்ட கேட்டாங்க. குடுத்தவங்களைப் பாத்து உன்கிட்ட பாதிதான் இருக்குன்னு சொல்றது அநியாயம். இன்னொரு தடவை இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

இந்த ஊர்க்காரங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். மதிக்கலைன்னு குரூப்ல எழுதற நேரத்துக்கு ஒருத்தராவது இவர் வீட்டுக் கதவைத் தட்டி, தம்பி இந்த மாசம் இப்படி எரிப்போம், சாயந்திரம் துணியை எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லாம எப்படித் தெரியும்? வெளிநாட்டுக்காரன்னு வன்மமா பேசினா அது எங்க போய் முடியும்னு 2021ல பாத்தோமே, சுவா சூ காங்ல காலைல வேகநடை போன 55 வயசு இந்தியப் பெண்ணை ஒரு ஆள் இனத்தைச் சொல்லித் திட்டி நெஞ்சுல உதைச்சான். அந்த அம்மா இந்த ஊர்க்காரங்க. உதைக்கிற காலுக்கு, குடிமகனா இல்லையான்னு காட்டற அடையாள அட்டை கலர் தெரியாது.

பையனோட இழுப்பு நிஜமான காரணம், அதை நான் ஒதுக்கவே இல்ல. ஆனா அதை நகர மன்றத்துக்கு எழுதினீங்க, எதிர்வீட்டுல சொன்னீங்களா? கடிதத்துல ஒரு இடத்துலகூட அவர்கிட்ட பேசினேன்னு இல்ல, நான் ரெண்டு தடவை தேடிப் பாத்தேன். அவருக்கும் பேரன் இருப்பான், இழுப்புன்னா என்னன்னு தெரியும். எந்த நேரத்துல எரிக்கிறீங்கன்னு கேட்டா அந்த நேரம் ஜன்னலைச் சாத்திக்கலாம், பையனை அந்த ஒரு மணி நேரம் கீழ வேற பக்கம் கூட்டிப் போகலாம். முதல்லயே சொல்லியிருந்தா அவரே தொட்டியைத் தள்ளியிருக்கக்கூடும். நகர மன்றத்துலேந்து ஆள் வந்து தள்ளினதாலதான் அவருக்கு வலி.

குடியுரிமை எடுக்கறதும் விடறதும் உங்க குடும்ப முடிவு, பையன் தேசிய சேவை பத்தி அவன்கிட்டயும் கேளுங்க, நான் அதுல தலையிட மாட்டேன். வர்ற ஆடி அமாவாசைக்கு முன்னாடி ஒரு சாயந்திரம் எதிர்வீட்டுக்குப் போங்க. பையனையும் கூட்டிட்டுப் போங்க, வெறுங்கையோட போகாம ரெண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்துக்கோங்க, ரெண்டு கையாலயும் குடுங்க. அப்பா தவறினதைச் சொல்லுங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க, கதவைத் திறக்கலைன்னாலும் எழுதுங்க.

அன்புடன்,
அக்கா