கூச்சத்துக்கு மாத்திரையா? கேள்வி பதில்

மனநலப் பிரிவு மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் நான், டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவது, குறைப்பதெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான். மற்றபடி கேளுங்கள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார்கள். தேடிப் பார்த்தால் மனச்சோர்வு மருந்து என்கிறது. எனக்குச் சோர்வே இல்லையே?

மாற்றியெல்லாம் கொடுக்கவில்லை. முதலில் மனச்சோர்வுக்கென்று வந்ததால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இதே வகையைச் சேர்ந்த பராக்சிடினுக்கு 1999லேயே அமெரிக்காவில் சமூகப் பதற்ற நோய்க்கென்று, அதாவது உங்களுக்கு வருகிற மாதிரி நாலு பேர் முன்னால் வரும் பதற்றத்துக்கென்று, அனுமதி கிடைத்துவிட்டது, செர்ட்ரலினுக்கு 2003ல்.

பத்து நாள் ஆகிறது. குமட்டல், பதற்றம் வேறு கூடியிருக்கிறது. நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். இந்த மாத்திரை வேலை செய்வது செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல். உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, அதனால் முதலில் முரண்டு பிடிப்பது வயிறுதான். சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், இந்த நோய்க்குச் சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். ஆனால் ஒன்று: முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்கள், தற்கொலை எண்ணம் தலைகாட்டினாலோ, தூக்கமே இல்லாமல் ஒரு வேகம் வந்தாலோ, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ராத்திரியானாலும் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறைகிறது. மாத்திரையாலா?

இருக்கலாம், நிறைய பேருக்கு வருவதுதான். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு.

ஊருக்குப் போனபோது மூன்று நாள் விட்டுப்போனது. தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருந்தது. அடிமையாகிவிட்டேனா?

இல்லை. சட்டென்று நின்றதற்கு உடம்பு காட்டும் கோபம் அது. பராக்சிடின், வென்லாஃபாக்சின் மாத்திரைகளில் அதிகம். ஃபுளூவாக்சிடின் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் அதில் குறைவு. நிறுத்தும்போது படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். அடிமையாகிவிடுவோமோ என்ற பயம் உண்மையில் குளோனசெபாம் என்ற, பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கும் மாத்திரைக்குத்தான் பொருந்தும், அதைத்தான் பலர் மிட்டாய் மாதிரி கேட்கிறார்கள்!

மேடை ஏறும் அன்றைக்கு மட்டும் புரொப்ரனலால் மாத்திரை போடலாமா?

படபடப்பும் கை நடுக்கமும் குறையும். ஆஸ்துமா இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். இன்னும் போன் அடித்தால் எடுப்பதில்லை.

மாத்திரை பதற்றத்தைத் தணிக்கும், போனை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒதுங்கிப் போகப் போக பயம் வளரும், அதனால் பதற்றம் தணிந்திருக்கும் இந்த நேரத்திலேயே சின்னச் சின்னதாக எதிர்கொண்டு பழக வேண்டும், அதற்கு சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, கைகொடுக்கும். எங்கள் கவுண்டருக்கு ஒரு தம்பி அம்மாவோடுதான் வருவான், சீட்டை அம்மாதான் நீட்டுவார், சில்லறை பாக்கி இருந்தாலும் கேட்காமல் நழுவிவிடுவான். ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, தனியாக வந்தான். மாத்திரையை வாங்கிக்கொண்டு நகரவே இல்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. “அண்ணா, மூணு ரூபாய் பாக்கி வரணும்” என்றான்.