சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் இத்தனை வயலின் எதற்கு? பாதிப் பேரை எடுத்துவிட்டால் யாருக்காவது தெரியுமா?

தெரியும், நன்றாகவே தெரியும். நான் ஜெர்மனியில் மன்ஹைம் பக்கம் வேலை பார்க்கிறேன். மாலை நேரங்களில் ஊர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறேன்; வயலினைவிடச் சற்றுப் பெரிதாக, தாழ்ந்த குரலில் பேசும் வாத்தியம் அது. நீங்கள் சொல்கிறபடி ஆளைக் குறைத்தால் முதலில் கை வைப்பது எங்கள் வரிசையில்தான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக மனம் வரவில்லை.

இளையராஜா சிம்பொனியை 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்ததிலிருந்து இப்படிக் கேட்பவர்கள் அதிகம். நீங்களும் துணுக்குகளை ஃபோனில்தான் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்பீக்கரில் உச்சத்தில் போகும் வயலின்தான் காதில் விழும், நடுவில் ஓடுவது வராது. எல்லோரும் ஒன்றையே வாசிப்பதாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. உண்மையில் தந்தி வாத்தியங்களிலேயே ஐந்து பிரிவுகள் உண்டு. பெரிய குழுக்களில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, அதைவிடப் பெரிய செல்லோ 10, எல்லாவற்றிலும் பெரிய டபுள் பாஸ் 8 என்று உட்காருவது வழக்கம்.

ஒரு குளிர்காலத்தில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்திருந்தோம். ஊரெல்லாம் காய்ச்சல். ஒத்திகைக்கு வயோலாவில் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். முதல் பகுதி எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் பகுதி தொடங்கும் மெட்டு வயலினுக்கு இல்லை, வயோலாவும் செல்லோவும் சேர்ந்து வாசிக்க வேண்டியது. எங்கள் இருவருக்கும் நடுவே மயிரிழை சுருதி வித்தியாசம்தான், அதுவே அலை அலையாக அதிர்ந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒருவர் வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏழெட்டுப் பேர் வாசித்தால் வித்தியாசங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரு குழைவு வரும். இரண்டு பேர் என்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

கண்டக்டர் நிறுத்திவிட்டு என்னை மட்டும் வாசிக்கச் சொன்னார். சுருதி சுத்தமானது, ஆனால் செல்லோக்களுக்கு அடியில் நான் காணாமல் போனேன். இன்னொன்று, இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் உட்காருவோம். உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்பும்போது மற்றவர் வில்லை எடுக்காமல் தொடர்வார். தனி ஆள் தாளைத் திருப்பினால் அந்த இடத்தில் வயோலாவே இல்லை. கடைசியில் பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுத்தான் கச்சேரியை நடத்தினோம்.

சத்தக் கணக்கும் இருக்கிறது. பத்து வயலின் சேர்ந்தால்தான் ஒன்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்றும். ஊதும் பித்தளை வாத்தியமான டிராம்போன் ஒன்றே அதைச் சுலபமாக அமுக்கிவிடும்.

இந்த எண்ணிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. எங்கள் மன்ஹைம் அரண்மனைக் குழுவைப் பற்றி 1777 நவம்பரில் மொசார்ட் தன் அப்பாவுக்கு எழுதியபோது, மேடையின் இரண்டு பக்கமும் தலா பத்துப் பதினொரு வயலின், வயோலா 4, செல்லோ 4, டபுள் பாஸ் 4 என்று எண்ணிச் சொல்கிறார். அன்றைக்கு அதுவே பெரிய குழு. அப்புறம் கச்சேரி அரண்மனையை விட்டு, டிக்கெட் வாங்கி வருபவர்களின் பெரிய மண்டபங்களுக்குப் போனது. ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் பீத்தோவன் மூன்று டிராம்போன், சின்னப் புல்லாங்குழலான பிக்கலோ, மிகத் தாழ்ந்த குரல் கொண்ட ஊதுகருவியான கான்ட்ராபசூன் சேர்த்தார். அது 1808. பத்து வருடம் கழித்து பெர்லினில், பித்தளை ஊதுகருவிகளில் காற்று போகும் வழியை மாற்றும் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஹார்னும் டிரம்பெட்டும் எல்லா ஸ்வரங்களையும் வாசிக்க வழி பிறந்தது. 1835இல் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வந்தது. ஊதும் பக்கம் கனக்கக் கனக்க, தந்திப் பக்கமும் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது.

கர்நாடக இசையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே ஒரு வயலின் மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாங்குவதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அதன் இலக்கணம் வேறு, இதன் இலக்கணம் வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு தமிழ் விழாவுக்கு எங்களில் சிலரை அழைத்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, பதிவு செய்த ட்ராக் ஓடுமாம், நாங்கள் மேடையில் வில்லை மட்டும் அசைக்க வேண்டுமாம். ‘பாக்க கிராண்டா இருக்கும் சார்’ என்றார் அமைப்பாளர். முடியாது என்று சொல்லிவிட்டு வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தேன். செலவுதான் பிரச்சினை என்றால், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் நிஜமாகவே வாசித்திருப்போம். கேட்டிருந்தால் காசுகூட வாங்கியிருக்க மாட்டோம்.