கழுகு ஏன் திரும்பி வருகிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிர்கிஸ்தானில் கழுகை விட்டு நரி பிடிக்கிற வீடியோ ஒன்று பார்த்தேன். கையை விட்டுப் பறந்த கழுகு அப்படியே போய்விடாமல் ஏன் திரும்பி வருகிறது? (வாசகர், தேனி)

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தப் பொன்னாங்கழுகுக்கு அங்கே 'புர்குத்' என்று பெயர், பழக்குகிறவர் 'புர்குத்சு'. கூட்டிலிருந்து எடுத்த குஞ்சோ, வலையில் பிடித்த இளம் பறவையோ, வீட்டுக்கு வந்ததும் அதன் கண்ணை மறைக்க 'தொமோகோ' என்கிற தோல் குல்லாயை மாட்டுவார்கள். மாட்டியதும் அதுவரை சிறகடித்துக்கொண்டிருந்த பறவை சிறகை மடக்கி அடங்கிவிடும், ஏனென்றால் அதன் மிரட்சியெல்லாம் கண் வழியாக வருவதுதான். அப்புறம் அதைக் கையில் சுமந்துகொண்டே பேசுவார், பாடுவார், ராத்திரி தூக்கத்தை விட்டுப் பக்கத்திலேயே இருப்பார், இறைச்சியையும் தன் கையாலேயே ஊட்டுவார். குரல் பழகிய பிறகு நாலடி தள்ளி நின்று கூப்பிடுவார், வந்தால் ஒரு துண்டு. தூரம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் நரித்தோலைக் கயிற்றில் கட்டிக் குதிரையில் இழுத்துப்போய் அதன்மேல் பாயப் பழக்குவார்கள், அதற்கு 'சிர்கா' என்று பெயர்.

இத்தனைக்குப் பிறகும் பசி கணக்காக இருக்க வேண்டும். வயிறு நிறைந்த கழுகு ஏதாவது பாறையில் போய் உட்கார்ந்துகொள்ளும், தொண்டை வற்றக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. ரொம்பப் பட்டினி போட்டால் நரியோடு மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது. நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து, இன்றைக்கு விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற அந்தக் கைதான் உண்மையான வித்தை என்பேன்.

கேள்வி: அவ்வளவு பெரிய பறவையைக் குதிரைமேல் எப்படித் தாங்குகிறார்கள்? (வாசகி, ஈரோடு)

பதில்: வேட்டைக்குப் பெரும்பாலும் பெண் கழுகுதான், ஆணைவிடப் பெரியது, ஆறு கிலோ வரைகூட இருக்கும். அதனால் சேணத்தோடு ஒரு கவட்டைக் கட்டையைப் பொருத்தி அதன்மேல் கையை வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: இன்னும் இது நடக்கிறதா? பறவைக்குக் கொடுமை இல்லையா? (வாசகர், காரைக்குடி)

பதில்: நடக்கிறது. சோவியத் காலத்தில், 1930களில் நாடோடிகளைக் கூட்டுப்பண்ணைகளில் குடியமர்த்தியபோது பழைய வாழ்க்கையே குலைந்துபோனது, ஆனாலும் சில குடும்பங்கள் இந்த வித்தையை விடவில்லை. இசிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கிற பொகொன்பாயெவோ இதற்குப் பேர்போன ஊர். கழுகு, தைகான் வேட்டைநாய், வில்வித்தை மூன்றும் சேர்ந்த 'சால்புருன்' 2014இல் தொடங்கிய உலக நாடோடி விளையாட்டுகளிலும் உண்டு. பருந்து வேட்டைக்கான யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் கிர்கிஸ்தான் 2021இல் சேர்ந்தது.

கொடுமையா என்றால், கோடையில் சுற்றுலாக்காரர்களுக்காக முயலை அவிழ்த்துவிட்டுக் காட்டுகிற காட்சி எனக்குப் பிடிக்கவே இல்லை. கோடை கழுகு இறகு உதிர்க்கிற காலம், ஓய்வில் இருக்க வேண்டும். வேட்டைக்காலம் குளிர்காலம், நரியின் ரோமம் அடர்ந்து, பனியில் தடம் தெரிகிற சமயம். ஆனால் இதே மரபில் இன்னொன்றும் இருக்கிறது: சில வருஷம் வேட்டையாடிய கழுகை, மலையில் போய்க் குஞ்சு பொரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து வெகுதூரம் குதிரையில் கொண்டுபோய், காலில் கட்டிய தோல்வாரை அவிழ்த்து, குல்லாயைக் கழற்றுவார் அவர். இந்த முறை திரும்பக் கூப்பிட மாட்டார்.