எபிரேய வேதாகமத்தில் பழமொழியும் உவமைக்கதையும் வேறு வேறா?

நீதிமொழிகள் புத்தகத்தில் வரும் பழமொழிகளுக்கும், தீர்க்கதரிசிகள் சொல்லும் உவமைக்கதைகளுக்கும் என்ன வித்தியாசம், எப்படிப் பொருள் கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எபிரேயத்தில் இரண்டையும் குறிக்க ஒரே சொல் உண்டு: மாஷால். 'ஒத்திருத்தல்' என்ற பொருள் அதன் வேரில் இருக்கிறது. நீதிமொழிகளின் எபிரேயப் பெயரான 'மிஷ்லே' இதிலிருந்து வந்ததுதான். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 17-ஆம் அதிகாரத்தில் வரும் கழுகுகளின் கதையும் மாஷால். இஸ்ரவேலைச் சபிக்க அழைக்கப்பட்ட பிலேயாம் மலைமேல் நின்று சொன்ன வாக்கும் மாஷால். ஊரார் சுட்டிக்காட்டிப் பழிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஜனமும் மாஷால்தான் (உபாகமம் 28:37).

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் நீதிமொழிகளை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். எல்லாமே புத்திமதி என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது 2 சாமுவேல் 12. அங்கே மாஷால் என்ற சொல் வராது. ஆனால் அது என்ன வேலை செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனையும் போரில் சாகவிட்டான் தாவீது ராஜா. தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார். அது அவன் அப்பத்தைத் தின்று, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப் போல வளர்ந்தது. அதை ஒரு பணக்காரன் பறித்துக்கொண்டான். முந்தின அதிகாரத்தில் உரியா என்ன சொன்னான் பாருங்கள்: படை வெளியில் கிடக்கும்போது நான் வீட்டுக்குப் போய் உண்டு, குடித்து, மனைவியோடு படுப்பேனா? அதே மூன்று வினைச்சொற்கள், அதே வரிசையில்! மகளுக்கான 'பத்' என்ற சொல்லோ பத்சேபாளின் பெயரிலேயே இருக்கிறது. தாவீது எதையும் கவனிக்கவில்லை. கோபத்தில் கொதித்து, பறித்தவன் நாலு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். அப்புறம்தான் நாத்தான் வாய் திறக்கிறார்: 'நீயே அந்த மனுஷன்.' எபிரேயத்தில் இரண்டே சொற்கள், அத்தா ஹாஈஷ். நேராகக் குற்றம் சாட்டியிருந்தால் ராஜா தன் பக்க நியாயத்தைத் தேடியிருப்பான். இங்கே தீர்ப்பு எழுதியதே அவன் கைதான்.

இரண்டு வரிப் பழமொழியையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பேன். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனமே பதில் சொல் என்கிறது. இந்த முரண்பாட்டினால் புத்தகத்தையே ஒதுக்கிவைக்க ஞானிகள் யோசித்ததாக, யூத ரபீமாரின் விவாதங்களைத் தொகுத்த நூலான தல்மூத் சொல்கிறது. ஒன்று தோரா (வேதப் போதனை) விஷயத்துக்கு, மற்றது உலக விஷயத்துக்கு என்று பிரித்துச் சமாதானமும் சொல்கிறது. எனக்கு இன்னும் எளிதாகத் தோன்றுவது: இரண்டுமே சரி, எதிரில் நிற்பவன் யார், நேரம் எது என்று பார்த்து எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதே அதிகாரத்தின் 9-ஆம் வசனம், மூடர் வாயில் அகப்பட்ட பழமொழியைக் குடிகாரன் கையில் அகப்பட்ட முள்ளுக்கு ஒப்பிடுகிறது.

காலம் மாறினால் பழமொழியும் செல்லாமல் போகும். 'பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின' என்பது அன்று வழக்கில் இருந்த ஒரு மாஷால். முன்னோர் பாவத்துக்கு நாம் சாகிறோம் என்ற விரக்தி அதில் இருந்தது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு நடுவே எசேக்கியேல் கர்த்தரின் பெயரால் அறிவித்தது இதுதான்: இஸ்ரவேலில் இனி இந்தப் பழமொழியை யாரும் சொல்லக் கூடாது.