புள்ள கிடைச்சி நாலு மாசம், ஓடத் தொடங்கலாமா?

மட்டக்களப்பு கல்லடிப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. ரெண்டாவது புள்ள, சீசர், அதாவது வயித்த வெட்டி எடுத்தது, இப்ப நாலு மாசம், தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கிறா. ஸ்கூல் காலத்தில 800 மீட்டர் ஓடின ஆள். கல்யாணத்துக்கு முதல் 54 கிலோ, இப்ப 68. கொஞ்ச நாளா ராச்சோத்த விட்டுட்டு காலையில சுடுதண்ணியில தேனும் தேசிக்காயும் குடிக்கிறாவாம், ஆனா வயிறு மட்டும் அப்படியே இரிக்காம். விடியக்காலையில கடற்கரையில ஓடினா சரிவருமா, ஓடினா பால் வத்திப்போயிருமா, மாமி ஆக்கித் தாற சரக்குக் கறியால இன்னும் ஊதுமா எண்டெல்லாம் கேட்டுட்டு, இருமினா கொஞ்சம் யூரின் போகுது, வயித்தில இருக்கக்குள்ள சுகரும் இருந்தது எண்டு கடைசியில சும்மா சொல்லுற மாதிரி சொல்லியிருக்கா.

தங்கச்சி, ஓடலாம். ஆனா இப்ப இல்ல. நீங்க கடைசியில எழுதின அந்த யூரின் விஷயத்த நான் முதல்ல எடுக்கிறன், ஏனெண்டா உங்கட ஓட்டத்துக்கு பதில் அதுக்குள்ளதான் இரிக்கு. பிசியோ வேலையில நான் பாக்கிற தாய்மார்ல கனபேர் இத வெளியில சொல்லவே மாட்டாங்க, ரெண்டு புள்ள பெத்தா இப்படித்தான் எண்டு பேசாம இருந்துருவாங்க. பொதுவா வாறதுதான், ஆனா பொறுத்துக்கிட்டு இருக்க வேண்டியது இல்ல, பயிற்சியால நல்லா குறைக்கலாம், கனபேருக்கு முழுசாவே நிக்கும்.

இடுப்பு எலும்புக்கு அடியில, முன்னுக்கு இருந்து பின்னுக்கு ஏணை கட்டின மாதிரி ஒரு தசை இரிக்கு. யூரின் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. சீசர்தானே, எனக்கு கீழ ஒண்டும் ஆகல்லயே எண்டு நினைக்காதீங்க, ஒம்பது மாசமா புள்ளட பாரத்த தாங்கினதும் அதேதான். ஓடக்குள்ள ஒவ்வொரு காலடியிலயும் உங்கட வெயிட்டில ரெண்டு, ரெண்டரை மடங்கு அழுத்தம் உடம்புக்குள்ள வரும், 68 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 150 கிலோ. இருமலுக்கே தாங்காத தசைய அதுக்கு விட்டா ஒழுக்கு கூடும், சிலபேருக்கு கர்ப்பப்பை கீழ இறங்குற பிரச்சினையும் வரும். இங்கிலாந்து பிசியோ ஆக்கள் 2019இல ஒரு வழிகாட்டல் எழுதினாங்க, சுகப்பிரசவமோ சீசரோ குறைஞ்சது 3 மாசம் ஓடக்கூடாது, 3 மாசம் முடிஞ்சாலும் ஒழுக்கு, கீழ பாரமான உணர்வு, நோவு இதெல்லாம் இல்லாட்டித்தான் ஓடலாம் எண்டு. நாலு மாசம் முடிஞ்சிட்டுதானே எண்டு உங்களுக்குத் தோணும், ஆனா மாசக்கணக்கு மட்டும் போதாது.

இப்ப செய்ய வேண்டியத சொல்லுறன். படுத்துக்கிட்டோ புள்ளைக்கு பால் குடுத்துக்கிட்டு இருக்கக்குள்ளயோ, காத்துப் பிரியாம அடக்குற மாதிரியும் யூரின நிப்பாட்டுற மாதிரியும் ஒண்டா உள்ளுக்கு இறுக்கி மேல தூக்குங்க, அஞ்சி செக்கன் வெச்சிட்டு முழுசா விடுங்க, விடுறதும் முக்கியம், கனபேர் இறுக்குவாங்க விட மாட்டாங்க. மூச்ச அடக்க வேணாம், தொடையும் பின்பக்கமும் இறுகக்கூடாது. ஒரு தரத்துக்கு 8 இல்லாட்டி 10, ஒரு நாளைக்கு மூணு தரம், குறைஞ்சது 3 மாசம் விடாமச் செய்யணும். மெல்ல மெல்ல அஞ்சி செக்கன பத்தாக்குங்க. யூரின் போய்க்கிட்டு இருக்கக்குள்ள நிப்பாட்டி நிப்பாட்டிப் பழக வேணாம், அது பிழையான முறை. இருமல் தும்மல் வரப்போகுது எண்டு தெரிஞ்சா அதுக்கு முதலே ஒருக்கா இறுக்கிப் பிடிங்க, இது மட்டும் பழகினாலே கொஞ்ச நாள்ல வித்தியாசம் தெரியும். சரியான இடத்ததான் இறுக்குறனா எண்டு சந்தேகமிருந்தா கிளினிக்கில டொக்டர்கிட்ட சொல்லி பிசியோவுக்கு கடிதம் வாங்குங்க, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில பாக்கலாம்.

அடுத்தது வயிறு. நீங்க சோத்த விட்டும் வயிறு போகல்ல எண்டா அது முழுக்க கொழுப்பு இல்லாமலும் இருக்கலாம். மல்லாக்கப் படுத்து முழங்கால மடக்கி, பொக்குளுக்கு கொஞ்சம் மேல ரெண்டு விரல குறுக்கா வெச்சி, தலைய மட்டும் லேசாத் தூக்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் தசை இறுகும், நடுவில விரல் இறங்குற பள்ளம் இருக்கும். அது ரெண்டு விரலுக்கு மேல அகலமா இருந்தாலோ, தலைய தூக்கக்குள்ள நடுவயிறு கூம்பு மாதிரி எழும்பினாலோ, வயித்துத் தசை இன்னும் விலகித்தான் இரிக்கு. இந்த நிலையில யூடியூபப் பாத்து சிட்டப் அடிக்க வேணாம், விலகல் கூடலாம். மூச்ச வெளிய விட்டுக்கிட்டு அடிவயித்த மெதுவா உள்ளுக்கு இழுக்கிறது, அப்படியே ஒரு குதிய மட்டும் பாயில சறுக்கி நீட்டி மடக்கிறது, இடுப்பத் தூக்கி இறக்கிறது, இப்ப இதுகள் போதும். சீசர் வெட்டும் வெளித்தோல் ஆறிட்டு எண்டா உள்ள ஆறிட்டு எண்டு அர்த்தமில்ல. வயித்துச் சுவர்ல உள்ள அந்தக் கெட்டியான படை 6 கிழமையில பழைய பலத்தில பாதிக்கு கொஞ்சம் மேலதான் வந்திருக்கும், 6, 7 மாசத்திலதான் முக்கால்வாசியத் தாண்டும்.

வயித்துல துணி கட்டுறதப் பத்தியும் சொல்லணும், நம்மட வீடுகள்ல கட்டாத வீடு குறைவு. சீசர் முடிஞ்ச முதல் கிழமைகள்ல எழும்பி நடக்க அது உதவிதான், நோவு குறையும். ஆனா மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினா அழுத்தம் கீழ்ப்பக்கமாப் போய் நாம பலப்படுத்தப் பாக்கிற அதே தசையத்தான் தள்ளும். நாலு மாசத்தில அதக் கழட்டி வைக்கலாம், தசையே வேலை செய்யட்டும்.

இனி சாப்பாடு. தங்கச்சி, ராச்சோத்த விட்டத உடன திரும்பத் தொடங்குங்க. பால் மட்டும் குடுக்கிற தாய்க்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 500 கலோரி கூடுதலாத் தேவை, அதுல ஒரு பகுதி உடம்புல சேந்த கொழுப்புல இருந்தே போகும், அதாவது பால் குடுக்கிறதே உங்கள மெலிய வைக்கிற வேலைதான். பட்டினி கிடந்தா தசை கரையும், தலைசுத்தும், ராவில புள்ளைக்கு எழும்பி மூணு மணிக்கு பிஸ்கட் பெட்டியத் தேடுவீங்க. 1800 கலோரிக்கு கீழ போக வேணாம். கிழமைக்கு அரைக் கிலோ குறைஞ்சா நல்ல வேகம், அதுக்கு மேல அவசரப்படாதீங்க. தேனும் தேசிக்காயும் கொழுப்பக் கரைக்காது, தேனும் சீனிதான்.

மாமிட சரக்குக் கறிய குறை சொல்ல ஒண்டுமில்ல. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி, இஞ்சி அரைச்சி மீன் போட்டு ஆக்குற கறி, எண்ணெயும் குறைவு, புரதமும் இரிக்கு. ஊதுறது கறியால இல்ல, அந்தக் கறிக்கு குவிச்சிப் போடுற சோத்தாலயும், பால் ஊறும் எண்டு தாற சீனி போட்ட பால்தேத்தண்ணியாலயும்தான். ஒரு கோப்பைக்கு ரெண்டு கரண்டி, நாளைக்கு அஞ்சி கோப்பை எண்டா பத்துக் கரண்டி சீனி, கிட்டத்தட்ட 200 கலோரி. 68 கிலோ ஆள் 3 கிலோமீட்டர் ஓடினாத்தான் அந்த 200 போகும். அப்ப ஓட்டத்துக்கு காத்திருக்கிற இந்த மாசங்கள்ல நீங்க செய்யக்கூடிய பெரிய வேலை தேத்தண்ணிச் சீனியக் குறைக்கிறதுதான். பால் ஊற சீனி தேவையில்ல, புள்ள நல்லாக் குடிக்கிறதும் நீங்க தாகத்துக்கு தண்ணி குடிக்கிறதும்தான் தேவை. பத்தியம் எண்டு தண்ணியக் குறைக்கச் சொன்னா அத மட்டும் கேக்காதீங்க.

பால்சுறா விஷயத்தில எனக்கு ஒரு கவலை இரிக்கு. பால் ஊற சுறாப்புட்டு குடுக்கிறது நம்மட பக்கத்து வழக்கம், ஆசையா ஆக்கிக் குடுப்பாங்க. ஆனா சுறா மத்த மீன்களத் திண்டு கன வருஷம் வாழுற மீன், உடம்புல பாதரசம் சேந்திருக்கும், அது பாலுக்குள்ளயும் கொஞ்சம் போகும். இங்கிலாந்தில பால் குடுக்கிற தாய்க்கு கிழமைக்கு ஒரு தரத்துக்கு மேல வேணாம் எண்டும் அமெரிக்காவில சாப்பிடவே வேணாம் எண்டும் சொல்லுறாங்க. எப்பவாவது ஆசைக்கு கொஞ்சம் சாப்பிட்டதுக்கு பயப்பட வேணாம், ஆனா நாளாந்தம் சாளை, கீரி, நெத்தலி மாதிரி சின்ன மீன எடுங்க, நெத்தலிய முள்ளோட திண்டா கல்சியமும் கிடைக்கும். தட்டுல பாதி மரக்கறி, முருங்கையிலை, பொன்னாங்காணி, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மீதிக் கால்வாசிக்கு சிவப்பரிசிச் சோறு. காலையில புட்டெண்டா தேங்காப்பூவக் குறைச்சி கௌபியோ பயறோ சேத்துக்கோங்க. கிளினிக்கில தாற திரிபோஷா சத்துமாவ வீட்டில எல்லாரும் உருண்டை பிடிச்சி சாப்பிடாம நீங்க சாப்பிடுங்க, நாளைக்கு 50 கிராம், சீனி கொட்டாம. இரும்புக் குளிசைய தேத்தண்ணியோட போடாதீங்க, தேத்தண்ணி அந்த இரும்ப உடம்பு எடுக்க விடாது, கல்சியம் குளிசையும் வேற நேரத்துக்குத்தான்.

வயித்தில இருக்கக்குள்ள சுகர் இருந்தது எண்டீங்க, பொறகு செக் பண்ணினதாச் சொல்லல்ல. புள்ள கிடைச்சி 6 கிழமைக்கும் 12 கிழமைக்கும் இடையில வெறுவயித்தில 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சிச் செய்யிற டெஸ்ட் செய்யணும், விட்டிருந்தா இந்தக் கிழமையே செய்யுங்க. கர்ப்பத்தில சுகர் வந்த ஆக்களுக்கு பிற்காலத்தில நிரந்தரச் சுகர் வாற சான்ஸ் மத்தவங்கள விட பல மடங்கு கூட. நீங்க உடம்பக் குறைக்க நினைக்கிறதுக்கு இதவிட நல்ல காரணம் இல்ல. ஒவ்வொரு நேரம் சாப்பிட்டுட்டும் பத்து நிமிஷம் நடந்தாலே சுகர் ஏறுறது குறையும்.

பால் வத்துமா எண்டு கேட்டீங்க, வத்தாது. 1994இல அமெரிக்காவில பால் குடுக்கிற தாய்மார கிழமைக்கு அஞ்சி நாள், 45 நிமிஷம் வரைக்கும், 12 கிழமை பயிற்சி செய்ய வெச்சிப் பாத்திருக்காங்க, பாலும் குறையல்ல புள்ளைகள்ட வெயிட்டும் குறையல்ல. பால் புளிக்கும், புள்ள குடிக்காது எண்டு சொல்லுறதும் சரியில்ல. புள்ளைக்கு குடுத்துட்டுப் போங்க, மார்பு பாரமில்லாம இருக்கும், நல்லாத் தாங்குற பிரா போடுங்க.

இப்போதைக்கு நடை. கிழமைக்கு 150 நிமிஷம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நாளைக்கு அரை மணித்தியாலம், அஞ்சி நாள். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல காலை ஏழு மணிக்கே வெயில் சுடும், அஞ்சரைக்கு இறங்கி ஆறரைக்குள்ள வீட்ட வந்திருங்க. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துத் தங்கச்சிமாரும் இதையே கேக்கிறாங்க, ரோட்டுல ஓட வெக்கம், ஆக்கள் பாப்பாங்க, நாய் துரத்தும் எண்டு. இதெல்லாம் உண்மையான கரைச்சல்தான், லேசா எடுக்க ஏலாது. வளவுக்குள்ள சுத்தி நடங்க, ரெண்டு மூணு பொம்புளையாச் சேந்து போங்க. அபாயாவோட நடக்கிறதுக்கு ஒண்டுமில்ல, மெல்லிய துணியா இருக்கட்டும், தண்ணிப் போத்தல் கையில இருக்கட்டும்.

அரை மணித்தியாலம் நோவில்லாம ஒழுக்கில்லாம நடக்க ஏலுமெண்டா பொறகு சோதிச்சிப் பாருங்க. ஒத்தக்கால்ல பத்து செக்கன் நிக்கணும், ஒத்தக்கால்ல பாதிக்கு குந்தி எழும்புறது பத்து, நிண்ட இடத்தில ஒரு நிமிஷம் மெதுவா ஓடுறது, ஒத்தக்கால்ல பத்துத் துள்ளல், ரெண்டு காலுக்கும். துள்ளக்குள்ள யூரின் போகல்ல, கீழ இழுக்கிற மாதிரி இல்ல, வெட்டு நோகல்ல எண்டா நீங்க ரெடி. என்ட கணக்குக்கு உங்களுக்கு அது புள்ளைக்கு 7 மாசம் போல வரும். விறாந்தையில கதிரையப் பிடிச்சிக்கிட்டு ஒத்தக்கால்ல குதி உயத்துறத இப்பவே தொடங்கினீங்க எண்டா அந்த நேரம் கால் சொன்னதக் கேக்கும்.

தொடங்கக்குள்ள அஞ்சி நிமிஷம் நடந்துட்டு ஒரு நிமிஷம் ஓட்டம், ஒண்டரை நிமிஷம் நடை, மாத்தி மாத்தி இருவது நிமிஷம், கிழமைக்கு மூணு நாள், ஒண்டுவிட்டொரு நாள். 800 மீட்டர் ஓடின ஆளுக்கு இது சிரிப்பா இருக்கும், இருந்தாலும் இப்படியே செய்யுங்க, மூச்சு ரெண்டு கிழமையில பழகிரும், தசைக்கும் மூட்டுக்கும் மாசக்கணக்கு வேணும். முதல்ல கடற்கரை வேணாம், காஞ்ச மணல்ல கால் புதைஞ்சி இடுப்பு ஆடும், ஈர மணல் சரிவு, ஒரு பக்கம் எப்பவும் பதிஞ்சி இருக்கும். சமமான தார் ரோட்டுல இல்லாட்டி கிரவுண்டுல ஓடுங்க, கடல் பொறகு. பழைய சப்பாத்து இப்பவும் அளவா எண்டு போட்டுப் பாருங்க, இறுக்கினா புதுசு வாங்குங்க, புள்ள கிடைச்ச பொறகு கனபேருக்கு பாதம் கொஞ்சம் நீண்டிருக்கும்.

ஓடின அண்டைக்கோ அடுத்த நாளோ ஒழுக்கு வந்தா, கீழ ஏதோ இறங்குற மாதிரி இருந்தா, திரும்ப ரத்தம் பட்டா ஓட்டத்த நிப்பாட்டி நடைக்கு வாங்க, மிட்வைஃப்கிட்டயோ டொக்டர்கிட்டயோ சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் நொந்தாலோ, சும்மா இருக்கக்குள்ள மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.