மூணு மூலை வயலும் சைன் 30-உம்

சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முக்கோணவியல் எதற்கு உதவும் என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஐயா, வாய்க்கால் ஓரம் மூணு மூலை வயல் விலைக்கு வருகிறது. ஒரு வரப்பு 120 அடி, இன்னொன்று 240 அடி. ஒரு மா தேறும் என்கிறார் தரகர். சரிதானா? (நீடாமங்கலம்)

அந்த இரண்டு வரப்பும் சேரும் மூலையின் கோணம் தெரியாமல் பரப்பைச் சொல்லவே முடியாது. தரகர் 120-ஐயும் 240-ஐயும் பெருக்கிப் பாதியாக்கியிருக்கிறார்: 14,400 சதுர அடி, அதாவது 100 குழி (ஒரு குழி 144 சதுர அடி), ஒரு மா. மூலை செங்கோணமாக இருந்தால்தான் அது சரி. மற்றக் கோணங்களுக்கு அந்த விடையைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 30 பாகை என்றால், சைன் 30 அரை. நிலமும் 50 குழிதான். அரை மாவுக்கு ஒரு மா விலை கொடுத்துவிடாதீர்கள்!

கருவி எதுவும் வேண்டாம். மூலையில் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். அங்கிருந்து இரண்டு வரப்பிலும் பத்தடி தள்ளி ஒவ்வொரு குச்சி. அந்த இரண்டுக்கும் நடுவே டேப்பைப் பிடியுங்கள். 14 அடி 2 அங்குலம் வந்தால் செங்கோணம். 10 அடி வந்தால் 60 பாகை, சுமார் 87 குழி. 5 அடி 2 அங்குலம் என்றால் 30 பாகை. அப்புறம் நில அளவைத் துறையின் புலப்படத்தையும் (வயலின் அளவு வரைபடம்) ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கஜா புயலுக்குப் பிறகு வீட்டோரத் தென்னையைப் பார்த்தாலே பயம். விழுந்தால் கூரைக்கு எட்டுமா? (பிளஸ் ஒன் மாணவி, பேராவூரணி)

சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை கிடைக்கும் பாப்பா. அடி விளிம்பை மட்டமாகக் கண்ணருகே பிடித்து, சாய்ந்த விளிம்பில் மர உச்சி தெரியும்வரை பின்னால் நட. டேன் 45 ஒன்று, அதாவது கண் மட்டத்துக்கு மேலுள்ள உயரமும் மரம்வரை உள்ள தூரமும் சமம். அதனால் மரம்வரை உள்ள தூரத்தோடு உன் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். அது மரத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு என்றால் கூரைக்கு எட்டாது. நம் பக்கம் தரை மட்டம் என்பதால் கணக்கு பெரிதாகப் பிசகாது.

சோலார் பலகைக்கு எவ்வளவு சாய்வு? (திருவையாறு)

தெற்குப் பார்த்து 11 பாகை. நம் அட்சரேகை ஏறக்குறைய அதுதான். 2 மீட்டர் பலகைக்குப் பின்பக்கம் 38 செ.மீ. உயர்த்துங்கள்.

பெரிய கோவிலில் சர்வே கருவி விழுந்தது உண்மையா? (தஞ்சாவூர்)

உண்மைதான் தம்பி. 1802-இல் சென்னையில், நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் முக்கோண அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், 1808-இல் தஞ்சைக்கு வந்தார். இங்கே ஏறி நின்று பார்க்க மலை இல்லை, தென்னை வேறு மறைக்கும். கோயில் கோபுரங்கள்தான் வழி. சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற அந்தச் சர்வே கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டமே வளைந்துபோனது. அதை அவரே பொறுமையாகத் தட்டி நிமிர்த்தி, மறுபடி அளக்கப் போனார்.